மடித்து வைத்த முனை

அத்தியாயம் 11

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூன்றாம் மனிதர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். நாங்கள் நுழைக்கவில்லை. எதிர் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். பத்து மாதமாகக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் மாடியில் இருப்பவள் மருந்துக்கடை அக்கா. எழுபது வயதுக்காரர்களும் இருமல் மருந்து கேட்கும்போது அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். ஊரில் பாதி வீட்டைக் குளிர வைத்த புண்ணியவான். தன்னுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று எவர் வீட்டு மொட்டை மாடியிலோ ஏசி பார்க்க ஏறி நின்றுவிட்டு, விருந்தாளிகள் கை கழுவிக் கிளம்பும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்.

அத்தனை பேர் எதிரிலும் அக்கா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "இவ்வளவு நேரம் வராதவர், வராமலே இருந்திருக்கலாம்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனார். மூன்று தெரு தள்ளி, தன் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். சொன்னால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ரகம். இவளோ, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாத ரகம். ஜாடிக்கேற்ற மூடி.

இரண்டு வாரத்துக்கு முன்னால்கூட இதெல்லாம் என்றைக்காவது சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் இருந்தோம். போன வாரம் டீக்கடைக்காரர் தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் வாயை விட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துப் பக்கம் மீன் கிடங்குல குளிர் மிஷின் பார்க்கற வேலையாமே அக்கா. ரெண்டு வருஷமாம். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி ரயில். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்" என்றாள் அக்கா. பத்து மாத்திரை கேட்டவருக்குப் பன்னிரண்டு வெட்டிக் கொடுத்தாள்.

இன்று சனிக்கிழமை.

காலை ஒன்பது மணிக்கே வெயில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டது. அக்காவின் வீட்டில் தரை சுட்டது, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. மகள் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு ஏசிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்றாள்.

"காத்து வருது. குளிர் வரலைம்மா."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தே அப்படித்தான் இருக்கு" என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? இரு, கம்பெனிக்குப் போன் பண்றேன்."

"அவசரப்பட்டு யார் யாரையோ கூப்பிடாதே. தெரிஞ்சவங்க யாராவது வந்து பார்த்தா நல்லது."

"தெரிஞ்சவங்கன்னா?"

"தெரிஞ்சவங்கன்னா... இந்த மிஷினைத் தெரிஞ்சவங்க."

அக்கா அதற்கு மேல் ஒரு சொல் கூட்டியிருக்கலாம். கூட்டவில்லை. மகளுக்கோ வேலையே ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்காக, துணி துவைக்கும் மிஷினுக்காக மன்னிப்புக் கேட்பவள். அம்மா வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள் நாலு பொத்தானைத் தட்டிவிட்டாள்.

"பதிவு பண்ணியாச்சு. பதினொண்ணுலேர்ந்து ஒண்ணுக்குள்ள ஆள் வருவாங்க."

இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு பெண்ணை வளர்த்திருக்க வேண்டாம் என்று அக்காவின் முகத்தில் எழுதியிருந்தது.

ஏனென்றால் அந்த ஏசி தானாகக் கெடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மகள் வேலையிலிருந்து திரும்பாத நேரத்தில், நாங்கள் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தோம். எதிரில் அக்கா பால்கனியில் குந்தி உட்கார்ந்து ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்தாள். மெயினை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தாள். வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வது எங்களுக்கே மனப்பாடம்: "கரண்டை நிறுத்தினாலும் கப்பாசிட்டருக்குள்ள மிச்சம் நிக்கற கரண்டோட கோபம் அடங்காது. ஆற விட்டுத்தான் கை வைக்கணும்." மின்சாரப் பெட்டிக்கு இவ்வளவு பொறுமை காட்டிய மனிதர்!

பிறகு முறைப்படி மரப்பிடி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அந்தக் கோபத்தையும் அடக்கினாள். கம்ப்ரசருக்குப் போகும் ஒரே ஒரு ஒயரைக் கழற்றினாள். ஃபேன் ஓடும், குளிர் வராது. அத்தோடு மூடியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் கெடுப்பதென்றாலும் ஒழுங்காகக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கிற பெண்மணி. வெறும் ஒயர் தொங்கினால் யாருக்காவது ஷாக் அடிக்குமே என்று கறுப்பு டேப் சுற்றினாள். சுற்றி, டேப்பின் முனையைச் சின்னதாக உள்பக்கம் மடித்து விட்டாள். யோசித்துச் செய்யவில்லை. இருபத்தைந்து வருஷம் விடுமுறை நாட்களில் அவருக்குப் பக்கத்தில் டார்ச் பிடித்து, டேப் கிழித்து, முனை மடித்துக் கொடுத்த கை. அது பாட்டுக்கு மடித்தது.

திட்டம் என்ன? வெயில் தாங்காமல் மகளே "அப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்பாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு "உன் இஷ்டம்" என்பாள். அவர் வருவார். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு பிழை. மகள், அம்மாவுக்காக அம்மாவைவிட இரண்டு மடங்கு கோபமாக இருப்பவள். நரகத்தில் வெந்தாலும் அப்பாவைக் கூப்பிடமாட்டாள்.

கம்பெனிக்காரர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். நடு வயது, கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வந்ததும் வீட்டு மனிதர்களிடம் ஒரு வார்த்தைதான் பேசினார், மற்றதெல்லாம் மிஷினிடம்.

"என்ன ராஜா, உடம்புக்கு என்ன? வாயத் திற பார்ப்போம்."

மூடியைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டினார். ராஜாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, கடைசியா இதை யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கலையே" என்றாள் அக்கா. கையில் அவருக்குக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளர். அதைத் தானே குடித்துவிட்டாள்.

"இது கெட்டுப் போகலைம்மா. கழட்டி வச்சிருக்கு."

"அப்போ மாட்டிடுங்க சார்" என்றாள் மகள்.

"மாட்ட மாட்டேன்."

"ஒரு ஒயரை மாட்ட மாட்டீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க பாப்பா. எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. ஒரு மெக்கானிக் கழட்டி, டேப் சுத்தி வச்சதை, காரணம் கேக்காம இன்னொரு மெக்கானிக் மாட்டக் கூடாது. உள்ள என்னத்தைப் பார்த்துட்டுக் கழட்டினாரோ? நான் பாட்டுக்கு மாட்டி, கம்ப்ரசர் புகைஞ்சா யார் பதில் சொல்றது?"

"எலி கடிச்சிருக்கலாம்" என்றாள் அக்கா.

"எலி டேப் சுத்துமாம்மா?"

நாங்கள் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றோம்.

கம்பெனிக்காரர் ஒயரை வெளிச்சத்தில் திருப்பினார். "இதோ பாருங்க, முனையை நாய்க்குட்டி காது மாதிரி மடிச்சிருக்கு. பின்னாடி வர்றவன் நகத்தால சுரண்டிக் கஷ்டப்படக் கூடாதுன்னு மடிக்கிறது. எங்க ஆளுங்க எவனுக்கு இந்தப் பொறுமை? இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தான் இப்படி வைப்பாரு. ஏழெட்டு வீட்டுல பார்த்திருக்கேன். மூணு தெரு தள்ளிப் பட்டறை. உங்களுக்குத் தெரியுமா அவரை?"

"தெரியும்" என்றாள் மகள். "எங்கப்பா."

"அட! அப்போ வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

இதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஆசைதான், ஆனால் எங்களைக் கேட்கவில்லையே.

கம்பெனிக்காரரே தன் போனில் பட்டறை நம்பரைத் தேடிப் போட்டார். இரண்டு கையும் பெட்டிக்குள் வேண்டியிருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"சார் வணக்கம். உங்க வீட்டுலேர்ந்துதான் பேசறேன். கம்பெனி ஆள். நீங்க ஏசியில கம்ப்ரசர் ஒயரைக் கழட்டி வச்சிருக்கீங்களே, உள்ள ஏதாவது பிரச்சினையா?"

"எந்த வீட்டுல?"

அந்தக் குரல் இந்த வீட்டுச் சுவரில் பட்டுப் பத்து மாதம் ஆகிறது. அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உச்சி வெயிலில் அது பழுக்கக் காய்ந்திருக்கும். கையை எடுக்கவில்லை.

"உங்க வீட்டுலதான் சார். டேப் சுத்தியிருக்கு."

"நான் எங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "டேப் எப்படி இருக்கு?"

"உங்க பாணிதான். முனை மடிச்சு."

"மடிச்சிருக்கா?"

"ஆமா சார். சின்னதா, அழகா."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹார்ன் அடித்து ஓய்ந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள். கம்பெனிக்காரர், லைன் போய்விட்டதோ என்று குனிந்து போனைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அவர். "நான்தான் கழட்டினேன். மாட்டாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளையை எங்கள் தெரு பார்த்ததே கிடையாது. செய்ததை ஒப்புக்கொள்பவரையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மகள் போனைப் பிடுங்கினாள். "எப்பப்பா வந்தீங்க? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போன நேரம் பார்த்தா? சாவி எப்படிக் கிடைச்சுது?"

"சாப்பிட்டியாம்மா?"

"பேச்சை மாத்தாதீங்க. இந்த வெயில்ல அம்மா வேகட்டும்னுதானே கழட்டினீங்க?"

"இல்லடா."

"பின்ன எதுக்கு?"

இந்த முறை பஸ் எதுவும் குறுக்கே வரவில்லை. "அங்க வர்றதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு" என்றார். "நாளைக்குக் கிளம்பறேன்ல."

அக்காவின் மனதில் இருந்த வாக்கியம் அது. அவள் சொல்ல வேண்டியதை, ஒரு எழுத்து பிசகாமல், மூன்று தெரு தள்ளியிருந்து அவர் சொல்லிவிட்டார். அதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு அவருடையது என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடிந்ததாகத் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஒரு சாக்கும் வேண்டாம்" என்றாள் மகள். "நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க. இங்க வராதீங்க." போனை வைத்துவிட்டாள்.

கம்பெனிக்காரர் மூடியை மெதுவாக மூடினார். அவருடைய தாளில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கினார். விவரம் தெரிந்த மனிதர்.

அவர் போனதும் மகள் போனில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"என்ன தேடறே?"

"பூட்டு மாத்தற ஆள். வீடு பூந்து ஒயரைக் கழட்டறாரு, கேட்டா சாக்குங்கறாரு. எவ்வளவு தைரியம்?"

"அவர் வரலை."

"அவரே ஒத்துக்கிட்டாரும்மா!"

"அவர் ஒத்துக்குவாரு. ஆனா வரலை." அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "கழட்டினது நான்."

மகள் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நீயா? பல்பு மாத்தணும்னாலே என்னை ஏணியில ஏத்துவே."

"பல்பு வேற."

"அம்மா..."

"கத்தாதே. எதிர் வீட்டுல துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காங்க."

நாங்கள் சட்டென்று ஒரு தலையணை உறையை உதறினோம்.

"இதுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"பண்ணி?"

"வாங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"நம்பரைப் போடுவேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வச்சுடுவேன். அந்த ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வருது, அப்புறம் வழி தெரியாம திரும்பிப் போயிடுது." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலையில ஏழே முக்காலுக்கு ஒரு ஸ்கூட்டர் போகும். ஏணி கட்டின சத்தம், கடகடன்னு. பட்டறைக்கு இது வழியே கிடையாது. சுத்திக்கிட்டுப் போவாரு. நான் ஜன்னல் கிட்ட பால் காய்ச்சிக்கிட்டு நிப்பேன். எட்டிப் பார்க்க மாட்டேன். ஆனா அந்தச் சத்தம் கேட்டுட்டா எனக்கு அன்னிக்குப் பொழுது ஓடிடும். நாளையிலேர்ந்து எதை வச்சு ஓட்டறது?"

மகள் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். சுடுகிற தரை. "நான் வேற வராதீங்கன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

"நீ என் பொண்ணு. வேற எப்படிச் சொல்லுவே?"

மகள் அப்பாவின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போடும்போது அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கம்மா, இந்த வெயில்ல? குடையாவது எடுத்துக்கோ."

அக்கா காதில் வாங்கவில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு, காக்கைகூட நிழல் தேடி ஒடுங்கிய நேரத்தில், தெருவில் அவள் மட்டும் நடந்தாள். நிழலுக்காகப் பின்சந்து வழியே குறுக்காகப் போனாள். அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருத்திக்குத் தேயிலைத் தூள் தீர்ந்து போயிருந்தது. அவளும் கொஞ்சம் பின்னால் கிளம்பினாள்.

பட்டறையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டு தொங்கியது. பக்கத்தில் டீக்கடைக்காரர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனாரு?"

"தெரியலையே அக்கா. ஒரு போன் வந்துச்சு. பேசிட்டு அப்படியே நின்னுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டு வண்டியில கிளம்பிட்டாரு."

"துணிப்பையா, டூல்ஸ் பையா?"

"அதைக் கவனிக்கலை அக்கா."

ஊர் வம்பையெல்லாம் கவனிக்கிற மனிதர், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. அக்கா ஷட்டரின் முன்னால் நின்றாள். தட்ட வேண்டும் என்பதுபோல் கையைத் தூக்கினாள். பூட்டிய கதவை யாராவது தட்டுவார்களா? இரண்டு தடவை தட்டினாள்.

அவளுடைய போன் அடித்தது. மகள்.

இந்தப் பேச்சில் ஒரு பக்கத்தைப் பால்கனியிலிருந்தவர்கள் கேட்டோம். மறுபக்கத்தைத் தேயிலைத் தூள் வாங்கப் போனவள் கேட்டாள். பிறகு சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

"அம்மா, எங்க இருக்கே? அப்பா இங்க வந்திருக்காரு."

அக்கா ஷட்டரில் கையை ஊன்றிக்கொண்டாள். "உள்ளயா?"

"வாசல்லயே நின்னாரு. நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அம்மா எங்கேன்னு கேட்டாரு. உங்களைத் தேடித்தான் போயிருக்காங்கன்னு சொன்னேன்."

"என்ன பண்றாரு?"

"பால்கனியில உக்கார்ந்திருக்காரு. மூடியைத் திறந்துட்டாரு. ஸ்க்ரூ டிரைவர் கையில இருக்கு. ஆனா ஒண்ணும் பண்ணலைம்மா. உள்ள பார்த்துக்கிட்டே இருக்காரு."

"மாட்ட விடாதே" என்றாள் அக்கா. "அஞ்சு நிமிஷ வேலை அது. முடிச்சா எந்திரிச்சுடுவாரு."

"மாட்டற மாதிரி தெரியலைம்மா." மகளின் குரல் தணிந்தது. "சட்டைப் பையில ரயில் டிக்கெட் தெரியுது. பாதி வெளியில நீட்டிக்கிட்டு இருக்கு. எடுத்துக் கிழிச்சுடட்டா?"

டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு, கேட்காததுபோல் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை வைக்காதே" என்றாள் அக்கா. "அதை நான்தான் அவர்கிட்ட கேட்டு வாங்கணும்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். வந்தபோது நிழல் இருந்த பின்சந்தை விட்டுவிட்டு, பெரிய தெரு வழியாகவே, கொதிக்கிற தார் மேல் நடக்க ஆரம்பித்தாள். தேயிலைத் தூள் வாங்கப் போனவள் நாலடி பின்னால் வந்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு சொல்லைப் பழகிப் பார்ப்பவள்போல் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு மூன்று தெரு இருந்தது.